ஈரலுக்கு இரண்டு படம்

தல்லாகுளம், மதுரை
12-3-1989

அன்புள்ள மாப்ள மருதுவுக்கு,

உன் அக்கா புருஷன் நல்லகாமன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்கா ராமக்காளும் சுகம். பம்பாயில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அழகர் துணை. சுகம் என்று சடங்குக்கு எழுதவில்லை மாப்ள, இது படம் பிடித்து நிரூபித்த சுகம்!

பொங்கல் கழிந்து எனக்கு வயிற்றுவலி வந்ததல்லவா, இங்குள்ள டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஈரலில் நெல்லிக்காய் அளவு ஏதோ இருக்கிறது என்றார். "கெட்ட கட்டியா, சும்மா முடிச்சான்னு இதுல தெரியல. மெட்ராஸ்ல காந்த ஸ்கேன் வந்திருக்கு, போய் எடுத்துட்டு வாங்க" என்றார். உயில் எழுத அன்றைக்கே தாள் வாங்கிவிட்டேன். உனக்கு எழுதக் கை வரவில்லை. உன் அக்காளோடு ரயிலேறிவிட்டேன்.

அந்த மிஷின் கிணற்றைப் படுக்கப் போட்டதுபோல இருக்கிறது. இரும்பு, வெள்ளி எதுவும் ஆகாதாம். அரைஞாண்கொடியைக்கூட அவிழ்க்கச் சொல்லிவிட்டார்கள். ஸ்யாமளா என்று ஒரு பெண்தான் அதை ஓட்டுகிறது. "ஒரே ஈரலுக்கு எதுக்கும்மா ரெண்டு தடவை படம்?" என்று கேட்டேன். "முதல் படத்துல கொழுப்பு வெளுப்பாத் தெரியும், தண்ணி கறுப்பாத் தெரியும் சார். உறுப்போட அமைப்பு தெளிவா விழும். ரெண்டாவதுல தண்ணி வெளுத்துடும். உள்ள இருக்கறது என்னன்னு அதுல பிடிச்சிடலாம்" என்றது. அட! முப்பத்தொரு வருஷம் சர்வே ஆபீஸில் நான் பார்த்த வேலைதானே மாப்ள இது! எல்லை அளப்பது ஒன்று, மண்ணின் தரம் பார்ப்பது இன்னொன்று. எனக்கு ஒரே குஷி. ஆனால் இரண்டாவது படத்துக்கு நேரம் கூடுதல். பெருமூச்சு விட்டால் ஈரல் மேலும் கீழும் போய் படம் கலங்கிவிடுமாம். தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை பெய்கிறாப்போல சத்தம், நானோ அசையாமல் கிடந்தேன். அம்புட்டு தைரியம் எனக்கே எங்கிருந்து வந்ததென்று தெரியல!

அங்குள்ள டாக்டர் இரண்டு படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார். முதல் படத்தில் அந்த நெல்லிக்காய் கறுப்பு. இரண்டாவதில் அதே இடம் குண்டு பல்பு எரிகிற மாதிரி வெளுப்பு! "புற்றுநோயா இருந்தா பெரும்பாலும் இவ்வளவு வெளுக்காது. இது ரத்தக்குழாய் சுருண்ட முடிச்சு, நல்ல ஜாதி. வைத்தியமே வேண்டாம்" என்றார். மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் அதையே சொன்னார்! உன் அக்கா அங்கேயே தேம்பித் தேம்பி அழுதுவிட்டாள், பொம்பளைதானே. நான்தான் தேற்றினேன். அந்த வயிற்றுவலியா? அது மெட்ராஸ் போகுமுன்னாடியே காணாமப் போச்சு!

இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் படத்தைச் சன்னலில் பிடித்துக் காட்டுகிறேன். பக்கத்து வீட்டுச் சோணை, "அண்ணே, ஈரல் இம்புட்டு வெளிச்சமா இருக்கே, கரண்டு பில்லு வராதா?" என்கிறான். கெடக்கான்!

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அழகர் உங்களைக் குறைவில்லாமல் வைக்கட்டும்.

இப்படிக்கு,
நல்லகாமன்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதுறேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தாக, படிச்சிட்டேன். உள்ள போன மூணாம் நிமிசமே கையில குடுத்திருந்த மணிய அமுக்கி, "ராமக்கா, என்னைய வெளிய எடுத்துரு"ன்னு கத்துனாக. ரெண்டு தடவை படம் வீணாப் போச்சு. அப்புறம் நான் மூக்குத்தி, மெட்டியெல்லாம் கழட்டி வச்சிட்டு, மிஷின் ரூமுக்குள்ள போயி அவுக காலப் புடிச்சிக்கிட்டே நின்னேன், படம் முடியிற மட்டும். டாக்டர் சேதி சொன்னப்ப அழுததும் நானில்ல. இதெல்லாம் நீ கேட்டுப்புடாத. ரெண்டு மாசங் கழிச்சு இப்பத்தான் வயிறாரச் சாப்புடுறாக.