பல் வைத்த பிறந்தநாள் பரிசு

பாதிரியாரின் பல்லில் ‘நறுக்’கென்று சத்தம் கேட்ட அந்த நிமிஷமே நெவில் லார்ட்டர் உண்மையை ஒப்புக்கொண்டிருக்கலாம். ஒப்புக்கொள்ளவில்லை. கூரையைப் பார்த்தார்.

பாதிரியார் நல்ல மனிதர். “ரொம்ப ருசி” என்று சொல்லி, கேக்கிலிருந்த கல்லையும் சேர்த்து விழுங்கிவிட்டு, தேநீரைக் குடித்துப் புறப்பட்டார். வாசல் கதவு சாத்தும்வரை சிரித்துக்கொண்டிருந்த நெவிலின் மனைவி பெரில், கேக் பரிமாறிய வெள்ளிக் கரண்டியைக் கையில் எடுத்தாள். அவளுடைய கல்யாணத்துக்கு அத்தை கொடுத்த கரண்டி.

“நெவில் கண்ணு, இது ஏன் வளைஞ்சிருக்கு?”

“வயசாயிடுச்சு இல்ல.”

“வெள்ளிக்கு வயசானா கூன் விழுமா?”

“மனுஷனுக்கே விழுதே.”

“ஓரத்துல கறுப்பா ஒட்டியிருக்கே, என்ன அது?”

“சாக்லேட்.”

“நான் செஞ்சது எலுமிச்சை கேக்.”

நெவில் மறுபடியும் கூரையைப் பார்த்தார். அங்கே உதவி எதுவும் எழுதியிருக்கவில்லை.

பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நாளிலிருந்து நெவிலுக்கு ஒரே பைத்தியம். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ‘பீப்’ என்னும் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தின் நார்ஃபோக் வயல்களில் நடப்பார். ரோமானியர் புதைத்ததும் ராஜாக்கள் தொலைத்ததும் கிடைக்கும் மண் அது. நெவிலுக்குக் கிடைத்தவை: பீர் பாட்டில் மூடிகள், துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைப் பின்புறங்கள், டிராக்டரின் நட்டுகள். ஒரு டிராக்டரையே பூட்டிவிடலாம், அத்தனை நட்டுகள். பக்கத்து வீட்டு கீத் காட்ஸ் அதே வயலில் போன வருஷம் ரோமானியக் கொக்கி ஒன்றை எடுத்து, அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான்.

கீத்துக்கு அதிர்ஷ்டம் என்று ஊர் சொன்னது. நெவில் ஒப்புக்கொள்ளவில்லை. தோண்டுகிற கருவிதான் காரணம் என்றார். டிடெக்டர் “இங்கே இருக்கு” என்று சொல்லும். எடுத்துக் கையில் கொடுக்காது. தோண்டுகிற வேலை நம்முடையது. நார்ஃபோக் மண்ணிலோ பிடிக்குப் பிடி சிக்கிமுக்கிக் கல். சாதாரணத் தோட்டக் கரண்டி ஒரு கல்லில் பட்டால் அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். நெவிலின் கரண்டி சுருண்டது. பெரிலின் தோட்டக் கரண்டி சுருண்டது. அதற்கப்புறம்தான் சமையலறை இழுப்பறையைத் திறந்தார்.

பெரில் தீர்ப்பு சொன்னாள்.

“கேட்டுக்கோ. இனிமே இந்த வீட்டுக்குள்ள உன் பேர்ல ஒரு குண்டூசிகூட வரக்கூடாது.”

“கண்ணு, ஆனா பன்னோட பார்லி வயல்…”

“குண்டூசிகூட.”

பண்ணைக்காரர் பன், பார்லி அறுத்த பிறகு, உழுவதற்கு முன்னால், வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை டிடெக்டர் சங்கத்தாரை வயலுக்குள் விடுவார். அந்த ஞாயிறு நெருங்கிக்கொண்டிருந்தது. கையில் கருவி இல்லை. பல் துலக்கும்போதும் நெவில் அதையே நினைத்தார். அப்போதுதான் மூளைக்குள் ‘டிங்’கென்று மணி அடித்தது. அவருடைய டிடெக்டரில்கூட அப்படி ஒரு மணி அடித்ததில்லை.

உன் பேர்ல என்றுதானே சொன்னாள்? பெரிலுக்குப் பிறந்தநாள் அடுத்த வாரம்!

அன்றைக்கே ஃபேக்கன்ஹாம் கடைத்தெருவுக்குப் போனார். விவசாயச் சாமான் கடை. கடைக்காரப் பெண் மூன்று கருவிகளை மேஜைமேல் வைத்தாள்.

முதலாவது பச்சை வர்ணம் அடித்தது. பார்வைக்கு அழகு. நெவில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தினார். தலை குனிந்து வணக்கம் சொன்னது. வேண்டாம். இரண்டாவதற்கு மரப்பிடி, நல்ல எஃகு, ஆனால் கழுத்தில் ஒட்டு. கல்லைக் கண்டால் கழுத்து முறியும். அதுவும் வேண்டாம்.

மூன்றாவதை நெவில் இரண்டு கையாலும் எடுத்தார்.

பிடி தவிர மற்றதெல்லாம் துருப்பிடிக்காத ஒரே எஃகு. ஒட்டில்லை, திருகில்லை. அகலமில்லாமல் நீண்டு, குழிந்து, நுனி கூராக இருந்தது. ஒரு பக்க விளிம்பில் ரம்பம்போல் பற்கள். எவ்வளவு ஆழம் போனோம் என்று காட்ட அலகின்மேல் அளவுக் கோடுகள். இடுப்பில் மாட்ட தோல் உறை வேறு. பெரிலைப் பெண் கேட்கப் போனபோதுகூட நெஞ்சு இப்படி அடித்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

“என்ன வேலைக்கு சார்?”

“தோட்ட வேலைக்கு. மனைவிக்குப் பிறந்தநாள்.”

“இது வயல்ல காசு தேடறவங்க வாங்கறதாச்சே?”

“அவ ரொம்ப ஆழமா தோட்டம் போடுவா.”

“பிடி ஆம்பளைக் கைக்குச் செஞ்சது சார். சின்னப் பிடியிலயும் இருக்கு.”

“வேண்டாம், வேண்டாம். அவளுக்குக் கை பெரிசு.”

பெரிலுக்குக் குழந்தைக் கை. பொய் சொல்லிவிட்டு நெவில் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“சிவப்புப் பிடியா, கறுப்பா?”

“சிவப்பு. புல்லுக்குள்ள விழுந்தா கண்ணுல படணும்.”

“அவங்க தோட்டத்துல அவ்வளவு புல்லா சார்?”

நெவில் அவசரமாகப் பணத்தை எடுத்து நீட்டினார்.

பிறந்தநாளன்று காலை, பூப்போட்ட காகிதத்தில் சுற்றி நீட்டினார். பெரில் பிரித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்கா?”

“உனக்கேதான்!”

“பல்லெல்லாம் இருக்கே?”

“வேரை அறுக்க.”

“கோடு போட்டிருக்கு?”

“கிழங்கை எத்தனை ஆழத்துல நடறதுன்னு தெரிய வேண்டாமா?”

“உறை?”

“இடுப்புல மாட்டிக்க. இல்லேன்னா எங்கயாவது வெச்சுட்டுத் தேடுவே.”

“நான் எதையும் தேடினதில்லியே. தேடறது உன் பொழப்பாச்சே.” பெரில் பிடியைப் பற்றிப் பார்த்தாள். “கொஞ்சம் பெரிசா இருக்கு.”

நெவிலின் முகம் மலர்ந்தது. இதற்காகத்தானே காத்திருந்தார்!

“அடடா! உன் கைக்குப் பொருந்தலையா? பாவமே. சரி, திருப்பிக் குடுக்கறதும் மரியாதையில்ல. நானே வேணும்னா…”

“கையுறை போட்டுக்கிட்டா கச்சிதம்.”

“கனமும் ஜாஸ்தி, கண்ணு. உன் மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்?”

“கைக்குப் பயிற்சி வேணும்னு டாக்டரே சொல்லியிருக்கார். நெவில், இவ்வளவு யோசிச்சு வாங்கியிருக்கியே!”

கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, உறையை இடுப்பில் மாட்டிக்கொண்டு, காவல் நிலைய அதிகாரி மாதிரி தோட்டத்துக்குப் போனாள். அன்று முழுக்க தோட்டத்திலிருந்து ‘சரக் சரக்’கென்று சத்தம் வந்தது. சமையலறை ஜன்னலருகே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நெவிலுக்கு ஒவ்வொரு ‘சரக்’கும் தன் நெஞ்சில் இறங்கியது. குழி வெட்டியவர் அவரேதான். இப்போது குழிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் பொறுத்தார். பிறகு தேநீர் போட்டுக்கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்றார்.

“கண்ணு, ஞாயித்துக்கிழமை அதை ஒரே ஒரு நாள் இரவல் தர்றியா?”

“பரிசா வந்ததை இரவல் விட்டா, குடுத்தவங்க மனசு நோகாதா?”

“குடுத்ததே நான்தானே! எனக்கு நோகாது.”

“உனக்குத் தெரியாது நெவில். உனக்கு ரொம்ப மெல்லிசு மனசு.”

கெஞ்சினார். கொஞ்சினார். கடைசியில் பெரில் இறங்கிவந்தாள். தோட்டத்தின் ஓரம் முழுக்கக் காட்டு முள்ளங்கி மண்டிக் கிடந்தது. வேர் பாதாளம்வரை போகும். துண்டு மிச்சமிருந்தாலும் மறுபடி முளைக்கும். அதை அடியோடு எடுத்துத் தந்தால் ஞாயிற்றுக்கிழமை கருவி வயலுக்கு வரும் என்றாள்.

நெவில் பாய்ந்தார். குப்புறப் படுத்துத் தோண்டினார். கருவி அருமையாக வேலை செய்தது, முதுகு செய்யவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கீத் எட்டிப் பார்த்தான்.

“என்ன நெவிலு, முள்ளங்கிக்கெல்லாம் டிடெக்டர் வேண்டாமா?”

“கருவியைப் பழக்கறேன்பா.”

“நீ கருவியைப் பழக்கறியா, அது உன்னைப் பழக்குதா?”

சனிக்கிழமை மாலைக்குள் தோட்டத்தில் ஒரு வேர் இல்லை. நெவிலால் நிமிரவும் முடியவில்லை.

ஞாயிறு காலை டிடெக்டரைத் தோளில் மாட்டி வாசலுக்கு வந்தார். பெரில் ஏற்கெனவே காரில் உட்கார்ந்திருந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ், கையில் கையுறை, இடுப்பில் உறை.

“நீ எங்கே?”

“கருவி வயலுக்கு வரும்னு சொன்னேன். தனியா வரும்னு சொன்னேனா?”

பன்னின் வயலில் சங்கத்தார் நாலா பக்கமும் டிடெக்டர் தட்டுகளைத் தரையோரம் ஆட்டிக்கொண்டு நடந்தார்கள். நெவில் காதில் ஹெட்போனை மாட்டி, டிடெக்டரை ஆட்டி முன்னே போனார். பெரில் பின்னே போனாள். ‘பீப்’ என்றால் அவர் கை காட்டுவார்; அவள் மண்டியிட்டு, வட்டமாக மண்ணை அறுத்து, மேல்மண் கலையாமல் மூடிபோலத் தூக்கி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, இருந்த இடம் தெரியாமல் மூடிவிடுவாள். நெவில் கையில் எடுத்துச் செய்யத் துடித்தார். “முதுகு பிடிச்சிருக்கு, குனியாதே” என்று அடக்கிவிட்டாள். உண்மையும் அதுதான்.

பாட்டில் மூடி. இன்னொரு பாட்டில் மூடி. ஒரு நட்டு.

வேலியோரம் வரும்போது ஹெட்போனில் கரகரவென்று ஒரு சத்தம். நெவில் உதட்டைப் பிதுக்கினார்.

“குப்பை. டப்பாத் தகரம். விடு.”

“தோண்டிப் பாக்கட்டுமா?”

“வேணாம் பெரில்! எனக்கு அனுபவம் இருக்கு. இந்தச் சத்தத்துக்குப் பேரே தகரம். வா.”

குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நடந்த கீத்தும், வேலியில் சாய்ந்திருந்த பன்னும் திரும்பிப் பார்த்தார்கள். நெவில் நடந்துவிட்டார். பெரில் நடக்கவில்லை. மண்டியிட்டாள். பல் பக்கத்தால் ஒரு வேரை அறுத்தாள். முதலில் ஒரு துருப்பிடித்த தகரம் வந்தது. அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இன்னும் ஒரு பிடி மண்ணை அள்ளினாள்.

மண்ணுக்குள் மஞ்சளாக ஒன்று சிரித்தது. கட்டைவிரல் நகமளவு. மெல்லிசு. ஒரு பக்கம் கப்பல், மறுபக்கம் சிலுவை. பழைய ராஜா ஒருவரின் தங்கக் காசு.

வயலே ஓடிவந்தது. நெவில் முதுகை மறந்து ஓடிவந்தார்.

“என் காசு! என் டிடெக்டர் காட்டின காசு!”

“நீதான் தகரம், விடுன்னு சொன்னியே,” என்றான் கீத். “என் காதுல விழுந்துச்சு.”

“தகரமும் இருந்துச்சே! அது பொய்யா?”

எல்லோரும் பன்னைப் பார்த்தார்கள். வயல் அவருடையது, அதில் கிடைப்பதில் பாதியும் அவருடையது. பன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார்.

“விட்டவர் விட்டவர், எடுத்தவங்க எடுத்தவங்க. தகரத்தை நெவில் வெச்சுக்கட்டும்.”

சங்கத்தார் கைதட்டினார்கள். பெரிலுக்குத் தேநீர் வந்தது, நாற்காலி வந்தது. கீத்தின் மனைவி டாஃப்னி கருவியை வாங்கித் தடவித் தடவிப் பார்த்தாள்.

“எங்கேடி வாங்கின இதை?”

“நெவில் வாங்கிக் குடுத்தது,” என்றாள் பெரில். “வருஷா வருஷம் பிறந்தநாளுக்கு நல்ல தோட்டக் கருவி ஒண்ணு கேட்டேன். வருஷா வருஷம் வீட்டுச் செருப்புதான் வந்துச்சு. அதான் இந்தத் தடவை கேக்கலை. உன் பேர்ல எதுவும் வாங்கக்கூடாதுன்னு மட்டும் சொன்னேன். உடனே என் பேர்ல வாங்கிட்டார். அதுவும் கடையிலேயே உசத்தியானதை!”

கையில் தகரத்தோடு நின்ற நெவிலுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. வயலில் கூரையும் இல்லை.

வீட்டுக்குத் திரும்பினார்கள். வாசலில் கார் நின்றதும் நெவில் தொண்டையைச் செருமினார்.

“பெரில், பக்கத்து ஊர்ல அடுத்த ஞாயிறு இன்னொரு வயல் திறக்கறாங்களாம். சேர்ந்து போவோமா? இந்தத் தடவை எல்லாச் சத்தத்துக்கும் தோண்டுவோம். சரின்னு சொல்லு.”

“போறோமே,” என்றாள் பெரில், இறங்கி பூட்ஸைக் கழற்றிக்கொண்டே. “நானும் டாஃப்னியும் போறதா பேசியாச்சு. நீ சனிக்கிழமை மறக்காம டிடெக்டருக்குச் சார்ஜ் போட்டு வெச்சுடு.”