பெருவிரலும் இரண்டு துண்டுப் பாணும்

முன்னால் வைத்த சாப்பாட்டைத் தொடாமல் எழும்பினால் வைத்தவரின் மனம் நோகும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நல்ல பழக்கம்தான் என் மானத்தை வாங்கியது.

சுவிஸின் துன் நகரில் ஒரு சித்திரப் பள்ளியில் சேர என் மகள் துளசி ஆசைப்பட்டாள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியர்கள் பழகிய முறையில் கற்பிக்கும் இடம் அது. உயிருள்ள மனிதரை வரைய முன்னர், பிளாஸ்டரில் வார்த்த மூக்கையும் காதையும் காலையும் மாதக்கணக்கில் கரியால் வரைய வேண்டும். (கால் வரையவும் ஒரு பள்ளிக்கூடமா என்று கேட்ட புத்திசாலி நான்.) தெரிவு நாளன்று பெற்றோரும் கூட இருந்து பார்க்கலாம் என்றார்கள்.

ஹோட்டல் சமையலறையிலிருந்து நான் மனைவி வசந்தியோடு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஆசிரியையின் விளக்கம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் ஒரு வெள்ளைக் காலை வரைந்துகொண்டிருந்தார்கள். துளசிக்குப் பின்னால் எங்களுக்குக் கதிரை. பக்கத்து ஸ்டூலில் ஒரு தட்டு, அதில் இரண்டு துண்டுப் பாண். பட்டர்கூட இல்லை. சுவிஸ்காரரின் சிக்கனம் என்று நினைத்தேன்.

"தொடாமல் இருந்தால் என்ன நினைப்பினம்? சாப்பிடுங்கோ," என்றாள் வசந்தி.

காலையிலிருந்து ஊருக்கெல்லாம் சமைத்துவிட்டுப் பட்டினி கிடந்தவன். இரண்டையும் முடித்தேன்.

துளசி திரும்பாமலே கையை நீட்டித் தட்டைத் தடவினாள். பிறகு திரும்பினாள்.

"அப்பா, பாண் எங்கை?"

"சாப்பிட்டிட்டன். ஏன், உனக்கும் பசிக்குதோ?"

"அது கரியை அழிக்கிறதுக்கு."

அந்தக் காலத்து ஓவியர்களுக்குப் பாண்தானாம் அழிறப்பர். துளசி வரைந்த கால் பெருவிரலோ கத்தரிக்காய் அளவில் நின்றது. விரலால் தேய்த்துப் பார்த்தாள், இன்னும் கறுத்தது. பக்கத்துப் பிள்ளையிடம் பாண் கேட்பதற்குள் நேரம் முடிந்தது என்று ஆசிரியை கைதட்டினார். விரலை ஏன் திருத்தவில்லை என்று அவர் கேட்டதும் நான் எழும்பினேன். துளசி என்னைக் கண்ணாலேயே இருத்தினாள். பிழை தன் கண்ணில் படவில்லை என்று அவரிடம் சொன்னாள். என் மானத்துக்காகப் பிள்ளை தன்னைக் குருடியாக்கிக்கொண்டாள். வெட்கத்தில் எனக்கு அந்தப் பிளாஸ்டர் காலைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

அந்த முறை இடம் கிடைக்கவில்லை. அடுத்த வருடம்தான் கிடைத்தது. அந்தக் கத்தரிக்காய் விரல் படத்துக்குக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டியவள் வசந்தி. (சாப்பிடச் சொன்னது யார் என்பதை மட்டும் விருந்தினருக்குச் சொல்லமாட்டாள்.)

இன்றும் மேசைக்குப் பாண் வந்தால் துளசி ஒரு துண்டை எடுத்து ஒதுக்கி வைப்பாள்.

"இது அப்பாவுக்கில்லை. அழிக்கிறதுக்கு."

வைத்தவரின் மனம் நோகாமல், நான் அதைத் தொடாமலே எழும்புகிறேன்.