முந்திக்கொண்ட அஞ்சலி

மாமா பிழைத்துக்கொண்டார் என்று தெரிந்தபோது அஞ்சலிப் படம் போய் நாலு நிமிஷம் ஆகியிருந்தது.

கூரியர் ஆபீஸ் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் அவனைச் சொந்தக்காரர்கள் முந்திரிக்கொட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யார் பிறந்தாலும், யார் போனாலும் முதல் படம் அவனுடையது. மாமாவின் மனைவி, அத்தை, இறந்தபோது மட்டும்தான் சறுக்கினான். கேமராவைக் கண்டாலே சமையலறைக்குள் ஓடிவிடுகிறவள் அவள். யார் வீட்டில் தேடியும் ஒரு போட்டோ அகப்படவில்லை. வெறும் மெழுகுவர்த்தியைப் போட்டான்.

நேற்று மாமாவுக்கு இதய ஆபரேஷன். அம்மா போன பிறகு அவனுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே பெரியவர். பயம் வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள், இவன் படம் செய்வான். அம்மாவின் ஆல்பத்தில் கிடைத்த மாமாவின் பழைய போட்டோவைப் போனில் எடுத்து, மெழுகுவர்த்தி வைத்து, 'கண்ணீர் அஞ்சலி' என்று அழுதுகொண்டே எழுதி வைத்திருந்தான். இன்று பார்சலை எடை போட்டபடி இன்னொரு தடவை பார்க்கப்போக, விரல் தவறிக் குழுவுக்குப் போய்விட்டது.

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள்.

"மாமா இப்பத்தான் கண்ணு முழிச்சுத் தண்ணி கேட்டாரு. நீ என்னடா போட்டிருக்க?"

"கை தவறிடுச்சுக்கா. இரு, அழிச்சிடறேன்."

அவசரத்தில் 'எனக்கு மட்டும் நீக்கு' என்பதை அமுக்கினான். அவன் போனில் மாமா பிழைத்துக்கொண்டார். மற்ற அறுபத்திரண்டு போன்களிலும் செத்தே கிடந்தார்.

இரங்கல் குவிந்தது. நடுவில் சித்தப்பா ஒரு சந்தேகம் கேட்டிருந்தார்.

"உங்க மாமா தோள்ல ஒரு கை மட்டும் தனியா இருக்கே, யாரோடதுப்பா? பார்க்கவே பயமா இருக்கு."

அவன் அதைக் கவனிக்கவே இல்லை. யாரோ படத்துக்கு வெளியே நின்று தொட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே அடியாகச் சரிசெய்துவிடலாம் என்று மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டுப் பூங்கொத்து வைத்தான். தோளில் இருந்த கையைச் சுத்தமாக அழித்தான். 'மாமா விரைவில் நலம் பெற வேண்டும்' என்று எழுதிப் புதுப் படத்தைப் போட்டான்.

"செத்தவர் எப்படிப்பா நலம் பெறுவார்?" என்றார் சித்தப்பா.

"பஸ் ஏறிட்டேன். நான் வர்ற வரைக்கும் எடுத்துடாதீங்க" என்றான் பெரியம்மா மகன்.

"யாரும் சாகல" என்று எழுதினான் இவன்.

"பாவம், அவனால நம்பவே முடியல. தனியா விடாதீங்க" என்றாள் பெரியம்மா.

எட்டிப் பார்த்த மேனேஜர் தராசைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நீங்க கிளம்புங்க. இந்த நேரத்துல எடை தப்பாத்தான் வரும்."

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இரண்டு தடவை ஏறி இறங்கினான். மாமா இனி முகத்தில் விழிக்காதே என்று சொல்லிவிட்டால், அவனுக்குப் போய் நிற்க வேறு வாசல் கிடையாது.

மாமா படுத்தபடி போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். பக்கத்தில் அக்கா முறைத்துக்கொண்டு நின்றாள்.

"மன்னிச்சிடுங்க மாமா. நீங்க போயிடுவீங்களோன்னு பயந்துட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டான்.

"உங்க சித்தப்பா என்னை நல்ல மனுஷன்னு எழுதியிருக்கான். உயிரோட இருந்தா இதைப் பார்த்திருப்பேனா?" என்றார் மாமா. சிரிக்கப் போனவருக்குத் தையல் இழுத்தது. கொஞ்சம் பொறுத்து, "அந்த மொத படத்தைப் பெரிசா பிரிண்ட் போட்டுக் கொண்டா. வீட்ல மாட்டணும்" என்றார்.

"ரெண்டாவதைப் போடறேன் மாமா. மொத படத்துல நீங்க செத்துட்டீங்க."

"இருந்துட்டுப் போகட்டும். அதுலதான்டா உங்க அத்தை கை இருக்கு."