விழாத சாணியின் எடை

நூறு மஞ்சள் வாத்துகளில் ஒன்றுகூட வந்து சேரவில்லை.

டெல்பர்ட் காலையிலிருந்து ஆல்டன்பர்க் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இலை வந்தது. பீர் டப்பா வந்தது. ஒற்றைச் செருப்பு வந்தது. வாத்து மட்டும் வரவில்லை. முந்தாநாள்தான் எட்டு மைல் மேலே, ஜோனஸ் ஷ்ராக்கின் பண்ணை ஓடையில் தன் கையாலேயே நூறையும் விட்டிருந்தார். ஜூலை நாலாம் தேதி நடக்கும் வாத்துப் பந்தயத்துக்காக ஊர் வாங்கி வைத்திருக்கும் பிளாஸ்டிக் வாத்துகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஊர்ப்பெயர் அச்சிட்டிருக்கும்.

இருபத்தாறு வருஷமாக ஊரின் கழிவுநீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதருக்கு வாத்து விடுகிற வேலை எதற்கு? எல்லாம் பாஸ்பரஸ் படுத்தும் பாடு. நிலையத்திலிருந்து ஆற்றில் கலக்கும் பாஸ்பரஸைக் குறை, இல்லாவிட்டால் புது நிலையம் கட்டு என்று மாநில அரசு சொல்லிவிட்டது. இன்னொரு வழியும் இருந்தது. மேலே இருக்கும் பண்ணைக்காரர் மாடுகளை ஓடையில் இறங்கவிடாமல் வேலி போட ஊர் பணம் கொடுத்தால், அதனால் தண்ணீரில் விழாமல் போகும் சாணியின் பாஸ்பரஸை, தானே குறைத்ததாக ஊர் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மூன்று வருஷத்துக்கு முன் இதை ஊர்ச் சபையில் பேசிப் பேசி எல்லோரையும் தலையாட்ட வைத்தவர் டெல்பர்ட்தான்.

ஆனால் விழாத சாணியை எந்தத் தராசில் வைப்பது? மழை எப்போது கொட்டும், மாடு எப்போது போடும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் பண்ணையில் மூன்று பவுண்டு தடுத்தால் ஊர்க் கணக்கில் ஒரு பவுண்டுதான் என்று, மீதியைச் சந்தேகத்துக்காகக் கழித்து வந்தார்கள். இப்போது, பண்ணை தூரமாக இருப்பதால் ஐந்துக்கு ஒன்று ஆக்கப்போவதாக மாநில அதிகாரி நோரீன் கடிதம் எழுதியிருந்தார். ஐந்துக்கு ஒன்று ஊருக்குக் கட்டுப்படியாகாது. புது நிலையம் வரும், அதை நடத்த வெளியூர்க் கம்பெனி வரும், டெல்பர்ட் வீட்டுக்குப் போவார்.

ஆத்திரத்தில் அவர் பதில் எழுதினார்: 'மேலே விட்ட வாத்து கீழே வந்து சேருவதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.' நோரீனும் சளைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை வருவதாக எழுதிவிட்டார். டெல்பர்ட் இப்போது விட்டது ஒத்திகை வாத்து.

பாலத்திலிருந்து நேரே பண்ணைக்குப் போனார்.

"ஜோனஸ், உன் மாடு என் வாத்தைத் தின்னுடுச்சா?"

ஜோனஸ் வைக்கோல் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "என் மாடு உன்னை மாதிரி கண்டதையும் திங்காது."

"அப்ப எங்கதான் போச்சு?"

"அந்தச் சதுப்புக்குள்ள போச்சு. நானே பார்த்தேன்."

"அதுக்கப்புறம்?"

"சதுப்புக்குள்ள போனதைப் பின்னாடியே போயி விசாரிக்கிற பழக்கம் எனக்கு இல்லப்பா."

டெல்பர்ட் வரைபடத்தை விரித்தார். சதுப்புக்குள் ஒரு நீலக்கோடு நுழைந்தது. தெற்கே, ஆல்டன்பர்க்கைப் பார்த்து ஒரு நீலக்கோடு வெளியே வந்தது. கோட்டில் குறை இல்லை. வாத்துகள்தான் கோரைப்புல்லில் சிக்கிக்கொண்டிருக்க வேண்டும். இன்னும் நிறைய விட்டால் பாதியாவது வந்து சேரும் என்று முடிவு கட்டினார். மறுநாள் நல்ல மழை பெய்தது. ஓய்ந்ததும் இருநூறைக் கொண்டுவந்து கொட்டினார்.

நாற்பது மாடுகளும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டன. பின்னால் நின்ற மாடு தனக்குத் தெரியவில்லை என்று முன்னால் நின்ற மாட்டைத் தள்ளியது. ஊர்ப் பணத்தில் போட்ட வேலி சாய்ந்தது. அடுத்த நிமிஷம் நாற்பதும் ஓடையில், வாத்துகளுக்கு நடுவில். இறங்கிய மாடுகள் சும்மா இருக்குமா?

ஜோனஸ் தாடியைத் தடவிக்கொண்டார். "டெல்பர்ட்டு, இப்ப விழுந்திருச்சு. இதை வேணும்னா தராசுல வைக்கலாம்."

மறுநாள் விடிந்ததும் ஜோனஸின் திருச்சபையைச் சேர்ந்த இருபது வைக்கோல் தொப்பிக்காரர்கள் குதிரைவண்டிகளில் உதவிக்கு வந்தார்கள். மத்தியானத்துக்குள் வேலியை நிமிர்த்தி, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். பாலத்தில் நின்ற டெல்பர்ட்டுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இருநூறிலும் ஒன்று வரவில்லை.

மாதாமாதம் நிலையத்துக்குக் குளோரின் கொண்டுவரும் லாரிக்காரர் ரஸ்ஸல் ஃபோன் செய்தார். வடக்கே எண்பது மைல் தள்ளி, ஏரிக்கரைக்காரர். ஒவ்வொரு தடவை வரும்போதும் டெல்பர்ட்டின் வேலிப் பெருமையை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போவார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் வரேன். உன் வேலி எப்படி இருக்கு?"

"வா, வா. அன்னிக்குத்தான் என் தலையெழுத்தும் தெரியப்போகுது."

வெள்ளிக்கிழமை நோரீன் பண்ணைக்கு வந்து, ஐம்பது வாத்துகளின் முதுகில் தன் சிவப்புப் பேனாவால் ஒன்று முதல் ஐம்பது வரை எழுதி, ஒவ்வொன்றாக ஓடையில் விட்டார். டெல்பர்ட் ஜோனஸை ஓரமாக இழுத்துப்போனார்.

"இந்தம்மாவை ஒரு ரெண்டு மணி நேரம் பிடிச்சு வையி."

"நான் பொய் சொல்ல மாட்டேன், டெல்பர்ட்டு."

"நீ வாயே திறக்க வேண்டாம். அன்னாவைப் பீச் பழ 'பை' எடுத்து வைக்கச் சொல்லு, போதும்."

ஜோனஸின் மனைவி அன்னா மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் அந்தப் பலகாரத்தை ஒரு துண்டோடு நிறுத்தியவர் அந்த வட்டாரத்தில் கிடையாது. டெல்பர்ட் வீட்டுக்குப் பறந்தார். சிவப்புப் பேனா இல்லை. மனைவியின் லிப்ஸ்டிக் இருந்தது. மிச்சமிருந்த வாத்துகளில் ஐம்பதுக்கு எண் போட்டு முடிப்பதற்குள் லிப்ஸ்டிக் தீர்ந்தது. அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அது ராத்திரிக் கவலை. பாலத்துக்குச் சற்று மேலே ஆறு வளையும் இடத்தில், மரத்து மறைவில் நின்று எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டார். வாழ்க்கையில் ஒரு அளவைக்கூட மாற்றி எழுதாத கை அது.

நோரீன் பாலத்துக்கு வந்து கால்மணி நேரத்தில் வாத்துகள் வளைவு திரும்பி வந்தன, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி.

"ஐம்பதும் வந்திருச்சா?"

இரண்டு மூன்றைப் பிடித்து வைத்திருக்கலாமே என்று டெல்பர்ட்டுக்கு அப்போதுதான் தோன்றியது. "நல்ல ஓட்டம் மேடம்."

நோரீன் வலையால் ஒன்றை எடுத்தார். விரலில் சிவப்பு ஒட்டியது. "என்னங்க, மை கரையுது?"

"நம்ம ஆத்துத் தண்ணி அப்படி மேடம். அதுக்காகத்தானே இவ்வளவு பாடு?"

அவர் விரலைத் துடைத்துக்கொண்டு காரின் மேல் காகிதங்களைப் பரப்பினார். "மூணு வருஷமா இந்தப் பாலத்துக்குக் கீழ அளக்குறீங்க. பாஸ்பரஸ் ஒரு இம்மிகூடக் குறையலையே?"

கேட்ட நோரீனே பதிலையும் சொன்னார்.

"சில ஆத்துல பத்து வருஷம்கூட ஆகும். அதனாலதான் சந்தேகத்துக்குன்னு கழிக்கிறோம். ஆனா வாத்தே வந்து சேர்ந்தப்புறம் சாணித் தண்ணி வராதுன்னு நான் எப்படிச் சொல்றது? ரெண்டுக்கு ஒண்ணு போட்டுடறேன்."

போட்டார். கையெழுத்துப் போடப் பேனாவைக் காகிதத்தருகே கொண்டுபோனார். டெல்பர்ட்டுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இருபத்தாறு வருஷ வேலை தப்பித்தது.

அப்போது குளோரின் லாரி பாலத்தோரம் வந்து நின்றது. ரஸ்ஸல் முகமெல்லாம் சிரிப்பாக இறங்கி, ஒரு பெரிய மூட்டையைக் காரின் பக்கத்தில் வைத்து அவிழ்த்தார். மஞ்சள் மஞ்சளாகக் கொட்டியது.

"டெல்பர்ட்டு, முந்நூறு இருக்கு, எண்ணிக்க, எங்க ஏரிக்கரையில பொறுக்கினோம், இன்னிக்கு எங்க ஏரியில வந்து விழுற ஓடையோரமாவே லாரியை ஓட்டிக்கிட்டு வந்தா, சதுப்பைத் தாண்டி நேரா உன் வேலியில கொண்டாந்து விடுது, மூணு வருஷமா எங்க தண்ணி எப்படி இப்படித் தெளிஞ்சுதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்த எங்க ஊர்க்காரங்க எல்லாரும் உங்க ஊருக்கு ரொம்ப நன்றி சொல்லச் சொன்னாங்கப்பா."