வாதாம் மரத்தடி விருந்தாளி

பொன்மலை,
ஞாயிறு பூசைக்குப் பிறகு.

அருமை மருமகள் பெலிண்டாவுக்கு, உன் தாய்மாமன் பிலோமின்ராஜ் ஆண்டவர் கிருபையால், முழங்கால் நீங்கலாக, நலமாக இருந்து எழுதுவது. பறவைப் படிப்பு படிக்கும் உன் கண்களுக்கும் அந்த நலமே உண்டாகட்டும்.

நம் கொல்லை வாதாம் மரத்துக்கு ஆபத்து. ரயில்வே பட்டறையில் ரிட்டயர் ஆனதிலிருந்து அங்கே இலை கூட்டுவது என் இலாகா. நிர்வாகத்தில் சிறு தேக்கம் ஏற்பட்டு, இப்போது சருகுக்குள் யானை படுத்திருந்தாலும் தெரியாது. உன் அத்தை டோரதி, "ஒண்ணு நீங்க கூட்டணும், இல்ல மரம் போகணும். அடுத்த மாசம் வெட்ட ஆள் வருது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மறுநாளே சருகுக்குள்ளிருந்து ஒரு குருவி நடந்து வந்தது. பறந்து அல்ல, நடந்து, வார்டைப் பார்வையிட வந்த அதிகாரி மாதிரி. முதுகு பச்சை, தோளில் நீலம், கண்ணில் கறுப்புப் பட்டை, வயிறு மஞ்சள், வாலடியில் சிவப்பு. எல்லாக் கட்சிக்கும் கொடி தைத்த டெய்லர் மிச்சத் துணியில் செய்தது போல. வாலுக்கு மட்டும் துணி போதவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து என் நண்பர் பீமராவை பைனாகுலரோடு வரவழைத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "மீன்கொத்திங்க" என்றார்.

"மீனுக்கு இங்க எங்கங்க போகும்?"

"அதான் நடந்து தேடுது."

காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். குருவியோ சருகைப் புரட்டிப் புரட்டி, என் கண்ணெதிரே ஆள் உயரப் புழு ஒன்றைத் தின்றது. ஆகவே நீ உடனே அத்தைக்கு ஃபோன் போட்டு, இது இமயமலைக் காட்டிலிருந்து வந்த அபூர்வப் பறவை, ஈஸ்டர் வரை தங்கும், ஓர் இலை நகர்ந்தாலும் மனமுடைந்துபோகும், அதனால் மரத்தையும் தொடக்கூடாது, மாமாவையும் எழுப்பக்கூடாது என்று விஞ்ஞானபூர்வமாகச் சொல்ல வேண்டும்.

மாதா உன்னைக் காக்க.

இப்படிக்கு,
சருகுகளின் காவலன்,
பிலோமின்ராஜ் மாமா

பி.கு.: ஃபோன் போடாதே. உறையை ஒட்டுமுன் அத்தை படித்துவிட்டாள். "இது ஆறுமணிக்குருவிங்க. எங்க முசிறித் தோப்புக்கு வருஷா வருஷம் வரும். இத பாத்த அன்னிக்கே வெட்டுற ஆளை வேணாம்னுட்டேன்" என்கிறாள். ஒரு மூலைச் சருகு குருவிக்கு; மிச்சக் கொல்லை எனக்கு. அது காலை ஆறு மணிக்குச் சரியாகக் குரல் கொடுக்குமாம், கேட்டதும் நான் துடைப்பத்தோடு ஆஜராக வேண்டுமாம். பட்டறைச் சங்குக்கே அசையாமல் சர்வீஸை முடித்தவன் நான். இது பத்து மணிக்கு மேல் எழும் வேறு ஏதோ குருவி என்று மறுதபாலில் எழுதவும்.