நட்சத்திர டேக்கும் நான் பிழியாத முறுக்கும்

இந்தக் கிறிஸ்துமஸுக்கு முறுக்கு பிழிவதில்லை என்று சபதம் எடுத்தேன். மனதுக்குள்தான் எடுத்தேன். சத்தமாக எடுக்கிற சபதங்கள் எங்கள் வீட்டில் ரொம்ப நேரம் உயிரோடு இருப்பதில்லை.

என் கஷ்டம் உங்களுக்குத் தெரிய வேண்டும். கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் அத்தனை வீட்டுக்கும் கிறிஸ்துமஸ் பலகாரம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். என் மனைவி பிரிசில்லா மாவு பிசைவாள். குழலைப் பிடித்துப் பிழிவது நான். அவள் பிசைகிற மாவு கருங்கல்லுக்குத் தங்கச்சி. பிழிந்து முடித்தால் பொங்கல் வரைக்கும் தோள்பட்டை என் பேச்சைக் கேட்காது. போதாக்குறைக்கு இது 2010. சரியாக முறுக்கு வாரத்தில் சவுத் ஆப்பிரிக்காவில் டெஸ்ட் மேட்ச். அதற்காகவே ஆபீசுக்கு லீவு போட்டிருந்தேன். டிவிக்கு முன்னால் கால் நீட்டுவதா, அடுப்புக்கு முன்னால் வேர்த்துக் கொட்டுவதா?

வழி சிதம்பரத்தில் கிடைத்தது. டிசம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை, மச்சான் சார்லஸ் வீட்டுக்குப் போய்விட்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். பிரிசில்லா திடீரென்று நின்றாள்.

"ஏங்க, செருப்பு வார் அந்துபோச்சு. செத்த நில்லுங்க."

அவள் குனிந்து செருப்போடு மல்லுக்கட்ட, நான் நிமிர்ந்து பார்த்தேன். எதிரே ரப்பர் ஸ்டாம்ப் கடை. கண்ணாடிக்குள் 'மேலாளர்', 'தலைமை ஆசிரியர்' சீல்களுக்கு நடுவே நட்சத்திரம், மணி, மெழுகுவத்தி, புறா! பக்கத்தில் சிவப்பு, பச்சை, தங்க நிற இங்க் பேட்கள். மாதிரிக்கு ஒரு குட்டி அட்டையில் நட்சத்திரம் குத்தி, நூல் கோத்து மாட்டியிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் யார்? கடலூரில் ஒரு அரசாங்க ஆபீசில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே சீல் குத்துகிறவன். என் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

"பிரிசி! இந்த வருஷம் பலகாரப் பொட்டலத்துக்கெல்லாம் என் கையாலயே டேக் செய்யப் போறேன்."

"டேக்கா? அது எதுக்குங்க?"

"ஒவ்வொரு பொட்டலத்துலயும் நட்சத்திரம் போட்டு, பேரு எழுதி, கலர் நூல்ல கட்டி... கலைம்மா, கலை!"

"பெரிய வேலையாச்சே. நீங்க முறுக்கு வேற புழியணுமே?"

இதற்காகத்தானே காத்திருந்தேன்.

"முறுக்கு புழிஞ்சா கை நடுங்கும். கை நடுங்குனா சீல் கோணும். ஒண்ணு டேக்கு, இல்ல முறுக்கு. நீயே சொல்லு."

அவள் முகம் வாடிப்போனது.

"சரிங்க. கலைன்னு சொல்றீங்க, நான் குறுக்க நிக்கல. முறுக்க எப்படியாவது பாத்துக்கறேன்."

ஐயோ பாவம் என்று இருந்தது. ஆனால் கடைக்குள் காலை வைத்ததும் அந்தப் பாவம் மறந்துபோனது. நான் ஒவ்வொரு இங்க் பேட்டாகத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பைச் சரிசெய்துவிட்டாள் போல, அவளும் உள்ளே வந்து கவுண்டரில் ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். கெட்டி அட்டையைக் கத்தரித்து, ஓட்டை போட்டு, நட்சத்திரத்தைச் சிவப்பில் ஒற்றி, மூச்சைப் பிடித்து ஒரு குத்து. டப்! எடுத்துப் பார்த்தால், ஐந்து முனையும் ஊசி மாதிரி. துள்ளிக் குதிக்காத குறை. ஓரத்தில் பச்சையில் ஒரு மணி. டப்! கீழே தங்க நிறத்தில் மெழுகுவத்தி. டப்!

பிரிசில்லா எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க இது, கீழ கையெழுத்து? தேதி வேற?"

பார்த்தேன். பழக்க தோஷம். சீல் விழுந்த இடத்தில் என் கை தானாகச் சுருக்கொப்பம் போட்டிருந்தது.

விட்டுக்கொடுக்க முடியுமா? "சீல் இருந்தா கீழ ஒப்பம் இருக்கணும். இல்லன்னா செல்லாது" என்றேன்.

"முறுக்குக்கா?"

சிரித்துவிட்டு, ஈரம் காய ஊதிக்கொண்டே டேக்கைப் பக்கத்து வீட்டு சலீமா பீவியிடம் காட்ட எடுத்துப்போனாள். சற்று நேரத்தில் சலீமா பீவியே வந்துவிட்டார்.

"மாஷா அல்லாஹ்! அண்ணே, உங்க கையில இவ்வளவு வேலை இருக்கா? எங்க பையன் ஷாகிர் சவுதிலேர்ந்து வந்திருக்கான். சொந்தக்காரங்களுக்கெல்லாம் சாக்லேட் பொட்டலம் போடணும். இதே மாதிரி செஞ்சு குடுங்கண்ணே, மணிக்குப் பதிலா புறா போட்டு."

"தாராளமா!" என்றேன். இத்தனை வருஷமாக ஆபீசில் சீல் குத்துகிறேன், ஒருத்தர் 'அழகு' என்று சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்து எதிர்வீட்டு மங்கலம் டீச்சர், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் புத்தாண்டுப் பரிசுக்கு. அப்புறம் சர்ச் பாடகர் குழு. அப்புறம் யார் யாரோ. பிரிசில்லா வாசலில் நின்று எல்லாருக்கும் "அவரு செய்வாரு, அவரு செய்வாரு" என்று வாக்குக் கொடுத்தாள்.

மேட்ச் ஆரம்பித்த நாள், டிவிக்கு முன்னாலேயே கடை விரித்தேன். ஒரு விக்கெட் விழுந்தது. நான் துள்ளியதில் பச்சை மணி என் பனியனில் பதிந்தது.

"டிவி பாத்துக்கிட்டுக் குத்தாதீங்க! பாருங்க, புறா தலைகீழா பறக்குது" என்று என்னைச் சாமான்களோடு உள் அறைக்கு அனுப்பினாள்.

அன்றிலிருந்து எனக்கு மேட்ச் என்பது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற கூச்சல்.

"பிரிசி, டிவி யாரு பாக்குறா?"

"யாரும் பாக்கல. உங்களுக்கு ஸ்கோரு சொல்லத்தான் போட்டு வெச்சேன்."

"ஸ்கோரு என்ன?"

"இருங்க, ஓவர் முடியட்டும்!"

டப். டப். டப். நாலாம் நாள் தோள்பட்டை கழன்று மேஜைமேல் விழுந்துவிடும் போலிருந்தது. கெஞ்சினேன்.

"கொஞ்சம் நீ குத்தேன்மா."

"குத்துனேங்க. ஒரு கட்டு குத்தி சலீமாக்காவுக்கு அனுப்பிச்சேன். அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. கீழ உங்க கையெழுத்து இல்லியாம். டூப்ளிகேட்டாம்."

நான் போட்ட சட்டம் என் கழுத்துக்கே வந்தது. மறுபடியும் டப்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம் கடைசி டேக்கில் ஒப்பம் போட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனேன். வரிசையாக டின்கள். முறுக்கு, அதிரசம், சோமாஸ், அச்சு முறுக்கு, எல்லாம் வழிய வழிய. அடுப்போ துடைத்துக் கோலம் போட்ட மாதிரி சுத்தம். மாவுக் குழல் போன வருஷம் சுற்றிவைத்த துணியிலேயே இருந்தது.

"இத்தனையும் எப்பம்மா சுட்ட?"

"நான் எங்க சுட்டேன்? முறுக்கு சலீமாக்கா வீட்டுது. அதிரசம் மங்கலம் டீச்சரு. மத்ததெல்லாம் சர்ச்சு ஆளுங்க."

"அவுங்க எதுக்கு நமக்கு சுடணும்?"

"டேக்கு சும்மாவா போவும்? வேணும்னா ஆளுக்கு ஒரு டின்னு பலகாரம் சுட்டுக் குடுங்கன்னு சொல்லிட்டேன். முறுக்கு புழிஞ்சது சலீமாக்கா வீட்டுக்காரரு. தோளு ஜாஸ்தி வலின்னு சொல்லி உங்களத்தான் தேடிக்கிட்டு இருக்காரு. வெளிய போவாதீங்க."

டின்னிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன்.

"அப்ப நீ அந்த வாரம் முழுக்க என்னதான் பண்ண?"

"மேட்ச் பாத்தேன். இத்தன வருஷமா நீங்க ஏன் அதுக்கு முன்னாடியே கெடக்குறீங்கன்னு இப்பத்தாங்க புரியுது. காலு நீட்டிக்கிட்டுப் பாக்க என்னா சொகம்!"

நான் அழுவதா, சிரிப்பதா என்று யோசிப்பதற்குள் ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினாள். என் டேக்தான் கட்டியிருந்தது. 'அன்புள்ள கணவருக்கு' என்று எழுதியிருந்தாள். கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனேன். பிரித்தேன். உள்ளே ஒரு புது ரப்பர் ஸ்டாம்ப். பொங்கல் பானை, ரெண்டு பக்கமும் கரும்பு.

"தெருவுல பாதி வீட்டுல சொல்லிட்டாங்க. பொங்கலுக்கும் நீங்கதான்."

"இத எப்ப வாங்குன?"

"அன்னிக்கு அதே கடையிலதான். நீங்க இங்க்க மோந்துக்கிட்டு இருந்தீங்களே, அப்ப."

"அன்னிக்கேவா? செருப்பு அந்துதானே அங்க நின்னோம்?"

"ஆமாங்க. அதான் நின்னோம்" என்று சொல்லிவிட்டு டிவியைப் போடப் போனாள்.

வாசலுக்குப் போய் அவள் செருப்பைத் தூக்கிப் பார்த்தேன். வார் அறுந்த தடமும் இல்லை, தைத்த தடமும் இல்லை. உள்ளே வந்து பொங்கல் பானையைச் சிவப்பில் ஒற்றி ஒரு குத்துக் குத்தினேன். என் கை தானாகக் கீழே ஒப்பம் போட்டது.