கைக்குழியில் விழுந்த கடைசி அத்தியாயம்

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் அச்சகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். உலகம் அழிந்த பிறகும் இவர்கள் நலமாகவே இருப்பார்கள் போலிருக்கிறது. இந்தக் கடிதம் எழுத நேர்ந்ததே அதனால்தான்.

என் நாவலின் கடைசி அத்தியாயத்தை மாத இறுதிக்குள் அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன். நச்சுக்காற்றில் ஊரே அழிந்தபின் தனியாக மிஞ்சிய பெண், பாழடைந்த தெருக்களைக் கடந்து ஒரு நிலத்தடி அறையை அடைந்து, கதவைச் சாத்திக்கொள்வதோடு கதை முடிய வேண்டும். அந்தத் தனிமைதான் நாவலின் உயிர் என்றும், கடைசியில் இன்னொரு ஆள் வந்துவிட்டால் புத்தகம் போடுவதையே யோசிக்க வேண்டியிருக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே எண்ணம்தான். இது என் முதல் புத்தகம் வேறு. அத்தியாயத்தை எழுதி முடித்தும்விட்டேன். ஆனால் அது இப்போது ஒரு மேல்கோட்டின் வடிவத்தில் இருக்கிறது.

என் அம்மா தையல்காரர். துணியில் கத்தரி வைக்கும் முன் காகிதத்தில் வெட்டி அளவு பார்ப்பது அவர் வழக்கம். எழுதியதோ எழுதாததோ, தையல் மேசைமேல் இருக்கும் காகிதம் அவருடையது. இந்த வீட்டில் இது சட்டம். நான் நாவல் எழுதுவது யாருக்கும் தெரியாது, துறைத் தேர்வுக்குப் படிப்பதாகச் சொல்லிவைத்திருந்தேன். எழுதி முடித்த மயக்கத்தில் தாள்களை அந்த மேசையிலேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், அம்மா தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, முதுகு, முன்பக்கம், கை என்று வெட்டி முடித்து, இடது கையைப் படித்துக்கொண்டிருந்தார். கை பொருந்தும் வளைவைத் தையல்காரர்கள் கைக்குழி என்பார்கள். அந்த வளைவில் விழுந்த துண்டுகளோடு என் கடைசிப் பத்தி குப்பைக்குப் போய்விட்டது. நான் வேறு படி எடுத்து வைக்கவில்லை.

"என்னடி இது?"

"தேர்வுக்கும்மா."

"தேர்வுக்கு எலி சுட்டுத் திங்கச் சொல்லித் தர்றாங்களா?"

அதன் பிறகு மறைக்க என்ன இருக்கிறது. தலையணைக்கு அடியிலிருந்த முந்தைய அத்தியாயங்களையும் அம்மா வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான். "ஊரே அழிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சுங்கிற, இவ முடி மட்டும் தோளோட நிக்குது, யாரு வெட்டி விட்டா? எங்கேயோ ஒரு கடை திறந்திருக்கு, நீ மறைக்கிற" என்றான். அப்பா பேருந்து ஓட்டுநர். நான் ஆசையாக வர்ணித்த துருப்பிடித்த பணிமனையைக் கேட்டுவிட்டு, "பஸ்ஸெல்லாம் வரிசையா நிக்குதுல்ல, அப்போ எவனோ டூட்டி முடிச்சு ஒழுங்கா நிறுத்திட்டுப் போயிருக்கான், அவன் எங்க?" என்றார். அதோடு விடாமல், மறுநாள் காலை, என் கதையின் பெண்ணைப் போல ஒரு பாட்டில் தண்ணீரில் அவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்று சோதித்துப் பார்க்க வீட்டின் தண்ணீர்க் குழாயை மொத்தமாக அடைத்தார். திருகு கையோடு வந்துவிட்டது. குளியலறையிலிருந்து அண்ணன் தலையெல்லாம் நுரையோடு எட்டிப் பார்த்து, "உலகம் அழியுதுன்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாப்பா" என்று கேட்டான். குழாய்க்காரர் அதற்கடுத்த நாள்தான் வந்தார். அதுவரை நாங்கள் பக்கத்து வீட்டுத் தண்ணீரில் உயிர் பிழைத்தோம். என் நாவலில் பக்கத்து வீடே கிடையாது.

அம்மா மட்டும் குறை எதுவும் சொல்லவில்லை. முதல் அத்தியாயத்தில் அந்தப் பெண்ணின் தாய் அடுப்பை அணைக்கத் திரும்பிப் போய் அப்படியே இறந்துபோவதாக ஒரே வரியில் எழுதியிருந்தேன். அந்த வரியை இரண்டு தடவை படித்தார். பிறகு தையல் இயந்திரத்தைப் பார்த்தபடி, "அடுப்ப அணைக்க எவ்வளவு நேரம்டி ஆகும்?" என்றார். ஊசியில் நூலைக் கோத்துவிட்டு, "நாங்க யாரும் இல்லாம இருந்தா உனக்கு நல்லா இருக்குமா?" என்று கேட்டார்.

"கதைதானம்மா" என்றேன். அது முழு உண்மையல்ல. எங்களுடையது இரண்டே அறை. ஒன்றில் தையல் இயந்திரம், இன்னொன்றில் அண்ணனின் வானொலி, இரண்டிலும் அப்பாவின் குரல். சத்தமில்லாத ஓர் இடம் வேண்டும் என்றுதான் நான் உலகத்தை அழிக்கத் தொடங்கினேன். ஆனால் இப்போது அந்தக் கடைசிப் பத்தியை மறுபடி எழுத உட்கார்ந்தால், அவள் கதவைச் சாத்தும்போதெல்லாம் தெருவில் யாரோ பஸ்ஸைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்கிறது. எனவே தயவுசெய்து இன்னும் ஒரு மாதம் அவகாசம் தாருங்கள். முடிதிருத்தும் கடையை இடித்து, பணிமனையைக் கலைத்து, தாங்கள் விரும்பிய தனிமையைப் பழையபடி திருப்பித் தருகிறேன்.

தங்கள் அச்சகத்தில் எழுத்துப் பிழைகளும் இயந்திரக் கோளாறுகளும் அண்டாதிருக்கட்டும். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
அழிந்த உலகின் ஆசிரியை

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போதுதான் கவனித்தேன், மேசைமேல் கோட்டுக்காக வெட்டிய தாள்களைக் காணோம். அம்மா துண்டுகளையெல்லாம் இயந்திரத்தில் வைத்துத் தைத்து, காலையிலேயே அண்ணனிடம் கொடுத்துத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாராம். இந்நேரம் தங்கள் கையில் இருக்கும். கைக்குழியில் என் பத்தி காணாமல் போன இடத்தில் வெள்ளைக் காகிதம் வைத்துத் தைத்து, பென்சிலால் அவரே எழுதிவிட்டார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடவில்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தாள்" என்று, துணியிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒப்பித்தார். மதியம் முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். இதைவிட நல்ல முடிவு எனக்கு வரவில்லை. ஆகவே அவகாசம் வேண்டாம்; மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அந்த ஓர் ஆளை எடுத்தால்தான் அச்சிடுவோம் என்றால், தாள்களை மடிக்காமல் திருப்பி அனுப்பவும். அம்மாவுக்கு அந்த அளவு வேண்டும், கோட்டு தைக்கக் கொடுத்தவர் வியாழக்கிழமை வருகிறார்.